ஒரு கையால் பிழிந்த பஞ்சு

மும்தாஜ் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளையில் வந்தது. நூலக ஆசிரியை போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "மாரடைப்பாம். மோகனூர்ல இருந்து வர்ற வழியிலேயே..." என்றார். நான் மீன் தொட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வடிகட்டியின் வாயிலிருந்து தண்ணீர் நூல் போல வந்தது. ஐந்து மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

நம் பள்ளியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. தற்காலிக நூலக உதவியாளர். புத்தகங்களைத் துடைத்து அடுக்குவது அவர் வேலை. மீன் தொட்டி யாரும் கொடுக்காத வேலை, அவராக எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் வடிகட்டியைக் கழற்றி அதன் பஞ்சைக் கழுவுவார்.

எட்டாம் வகுப்பில் ஒரு நாள், உதவி செய்வதாக நினைத்து அந்தப் பஞ்சைக் குழாயடிக்கு எடுத்துப் போனேன். "ஏய், நில்லு புள்ள!" என்று ஓடி வந்தார். "கொழாயில காட்டினீன்னா நாளைக்கு அஞ்சும் மெதக்கும். மொதல்ல வாங்குன மீனெல்லாம் நான் அப்படித்தான் கொன்னேன்." பிறகு தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு, பஞ்சை முக்கி, ஈரப் போர்வையை முறுக்குவது போல இரண்டு கைகளாலும் பிழிந்தார். தண்ணீர் காப்பி நிறமானது. மூன்று முறை பிழிந்ததோடு நிறுத்திவிட்டார். இன்னும் அழுக்கு இருக்கிறதே என்றேன். "இருக்கட்டும். பளிச்சுன்னு வெளுக்கறதுக்கு இது என்ன கல்யாணத்துக்கா போகுது?"

காரணத்தை நான் அறிவியல் புத்தகத்தில் தேடிப் பிடித்தேன். பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவின் நஞ்சை முறிக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். படித்துக் காட்டினேன். "அட, இத்தனை பேருக்கா நான் சோறு போட்டுட்டு இருக்கேன்!" என்று சிரித்தார்.

இந்த ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது நூலகத்தில் கிராம்பு வாசனை அடித்தது. அக்கா கன்னத்தில் ஒன்றை அடக்கி வைத்திருந்தார். "கடவாப் பல்லு, கண்ணு. தாடையெல்லாம் இழுக்குது." பல் டாக்டரிடம் போகச் சொன்னேன். "புடுங்கிப்புட்டாருன்னா, அப்பறம் உன்னை எதை வெச்சுக் கடிக்கறது?"

அதே வாரத்தில்தான் வடிகட்டி மந்தமானது. வெள்ளியன்று கழுவிய பஞ்சு திங்களன்றே அடைத்துக்கொண்டது. அடுத்த வெள்ளி அவர் பிழிவதைக் கவனித்தேன். வலது கை மட்டும்தான் வாளிக்குள் இருந்தது. இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தார்.

"ஏனுங்கக்கா, அந்தக் கைக்கு இன்னைக்கு லீவா?"

"ஆமா. லீவு லெட்டரு நீதான் எழுதிக் குடுக்கோணும்."

நான் உண்மையாகவே ஒரு கடிதம் எழுதினேன், தலைமையாசிரியைக்கு. பஞ்சு தேய்ந்துவிட்டது, அழுக்கைத் தாங்கவில்லை, புதிது வேண்டும் என்று. மூன்றே நாளில் புதுப் பஞ்சு வந்தது. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

"பஞ்சுதான் கெட்டுப்போச்சுன்னு எழுதினியா?"

"ஆமாங்கக்கா."

"செரி. அப்படியே இருக்கட்டும். கையப் பத்தி ஹெச்.எம். கிட்டச் சொல்லிப்புடாத சாமி. கை வெளங்கலைன்னு தெரிஞ்சா நாளைக்கே வேற ஆளப் போட்டுருவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். என்னை நம்பி ஒரு ரகசியம் சொல்லியிருக்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

பத்தே நாளில் புதுப் பஞ்சும் அடைத்துக்கொண்டது. பத்து நாளில் எந்தப் பஞ்சும் தேயாது. எனக்கு அது தெரியும். அப்படியும் பழுதைப் பஞ்சிலும் தண்ணீரிலும்தான் தேடினேனே தவிர, அதைப் பிழிந்த கையில் தேடவில்லை.

புதன்கிழமை காலை மழை பெய்து குளிர்ந்திருந்தது. நூலகப் படிக்கட்டின் பாதியில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அரை வாளித் தண்ணீர். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. "ஒண்ணுமில்ல. நீ கிளாசுக்குப் போ, மணி அடிச்சிருச்சு" என்றார். போனேன். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள், செய்தி வந்த அன்று மாலையே அடக்கம். ஆசிரியைகளோடு மோகனூருக்குப் போயிருந்தேன். தாடை இழுக்கிறது, கை மரத்துவிட்டது என்று வழியில் அக்கா சொன்னாராம்; இரண்டும் இதயத்தின் வலிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் மகள் நஸ்ரின் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "எங்ககிட்டப் பல்வலின்னு மட்டும்தான் சொன்னாங்க. கையி எத்தனை நாளா இப்படி இருந்துச்சு? ஸ்கூல்ல யாருக்காச்சும் தெரியுமாங்க?"

"மூணு வாரமா" என்றேன்.

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

பஞ்சை இப்போது நான்தான் பிழிகிறேன். மீன்கள் பிழைத்துக்கொண்டன. ஆனால் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வேலையை அல்ல. என்னிடம் அவர் கேட்டு வாங்கிய மௌனம் இருக்கிறதே, அதை வைத்திருக்கிறேன், இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதற்காக. நேற்றுச் சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்யும் பழனியம்மாள் அக்கா, சோற்றுக் குண்டானை இறக்கிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாயுப் பிடிப்பு கண்ணு. யாருகிட்டயும் சொல்லாத" என்றார்.

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். டாக்டரிடம் அனுப்பினார்கள். இன்று காலை பழனியம்மாள் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.