விரல் தடுக்காத முதுகு

ஆமையின் முதுகைத் தடவிய மதினியின் விரல் பாதியில் நின்றுபோன அந்தக் கணம் எனக்குள் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டைக்கு அப்பால், ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழி வந்து பெருகும் குளம். கரையேறிக் கிடந்தது அந்த ஆமை. கரிய ஓடு, கரிய தலை. நம்மூர்க் காராமை என்று மதினி ஓடிப்போய்த் தூக்கினார்.

மதினி என் அண்ணனின் மனைவி. ஏரல் பக்கத்து வயற்காட்டில் பிறந்தவர், பள்ளியில் விலங்கியல் எடுப்பவர். அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை, முத்தையாபுரத்தில் வீடு. பல வருடங்களுக்கு முன் அண்ணன் தூத்துக்குடி கடையொன்றில் கண்ணாடித் தொட்டியோடு பச்சை ஆமைக் குஞ்சுகள் இரண்டை வாங்கி வந்தார். கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றல் உள்ள வெளிநாட்டுச் சாதி. பைக்கில் விழுந்து அவர் காலை முறித்துக்கொண்டதும், பார்க்க வந்தவர்கள் காலைப் பார்க்கவில்லை, தொட்டியைத்தான் பார்த்தார்கள். ஆமை புகுந்த வீடு உருப்படுமா? கொல்லவும் கூடாது, பெருமாளின் அவதாரம். எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழி உண்டு: குளத்தில் விட்டுவிடுவது. மதினி பயிற்சி வகுப்புக்குப் போயிருந்த வாரத்தில், மாவுக்கட்டோடு ஆட்டோ பிடித்துப் போய் அண்ணன் விட்டுவிட்டு வந்தார். புண்ணியமாகப் போயிற்று என்றார். மதினி காலித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் குளக்கரைதான். துணைக்கு நான். அந்தச் சாதி பெருகினால் நம் ஆமைக்கு இரையும் மிஞ்சாது, வெயில் காயக் கல்லும் மிஞ்சாது என்பார். தொலைநோக்கியில் சிவப்பைத் தேடுவார். தென்பட்டதே இல்லை. கல்லில் வரிசையாகக் கருந்தலைகள். உங்கள் அண்ணனை மன்னித்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு வருடம் சிரித்தார்கூட.

காராமையின் முதுகில் மூன்று வரப்புகள் நீளவாக்கில் ஓடும். கண்ணை மூடித் தடவினாலே விரலில் தடுக்கும். அன்று விரல் வழுக்கிக்கொண்டு போனது; பாதியில் நிறுத்தினார். மறுபடி தடவினார். புரட்டினார். காராமைக்கு அடிப்பக்கம் கருத்திருக்கும். இதற்கு மஞ்சள், நெடுகக் கருந்திட்டுகள்.

"வயசானா இதுல சிலதுக்குச் சிவப்பு மங்கிரும், தம்பி. உடம்பே கருத்துரும். படிச்சிருக்கேன். எனக்குத்தான் தோணல."

இருவரும் குளத்தைப் பார்த்தோம். கல் நிறையக் கருந்தலைகள். அவற்றில் எது நம் காராமை? அண்ணன் ஒருவர்தானா ஆமைக்குப் பயந்து புண்ணியம் தேடியவர்? நாங்கள் நெருங்க, அவை ஒவ்வொன்றாய்ச் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கின.

திரும்ப விட மனமில்லை, கொல்லவும் கை வரவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்தார். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏளா, அத எதுக்கு இங்கன கொண்டாந்த?"

"இது இந்த வீட்டுச் சொத்துல்லா. இன்னும் எத்தன கெடக்குன்னுதான் தெரியல."

இந்த வருடம் நல்ல மழை. மதினி இப்போது தொலைநோக்கியைத் தொடுவதில்லை. கரையில் அகப்படும் முதுகையெல்லாம் கண்ணை மூடித் தடவுகிறார். ஒன்றிலாவது தடுக்காதா என்று பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதுவரை தடுக்கவில்லை.