ஆப்ப மாவும் தேவாங்கின் செல்லும்

துவரம்பருப்பில் பாதி அளவு தோல். அந்த வருஷம் முழுக்க என் உலகம் அதுக்குள்தான் இருந்தது.

ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே போகும் சாலையில் ஏதோ வண்டி அடித்துச் செத்துக்கிடந்த தேவாங்கின் காதோரத் தோல் அது. வனத்துறை மருத்துவர் முறையான அனுமதியோடு வெட்டிக் கொடுத்ததை, திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனோம். தேவாங்குதான் செத்திருந்தது, அதன் தோலில் இருந்த செல்கள் சாகவில்லை. தட்டில் ஒட்டவைத்து, சத்துத் திரவம் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தால், கொஞ்ச நாளில் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வெளியே வந்தன. முதல்முதலாக அதைப் பார்த்த அன்றைக்கு நான் மதியச் சோற்றை மறந்துபோனேன்.

அடுத்ததுதான் கஷ்டமான கட்டம். அந்தச் செல்களுக்குள் சில மரபணுக்களை அனுப்பி, ‘நீ தோல் என்பதை மறந்துவிடு, கருவின் முதல் நாட்களில் எப்படி இருந்தாயோ அப்படி ஆகு’ என்று சொல்ல வேண்டும். சொன்னபடி கேட்டால் அது ஸ்டெம் செல். அதிலிருந்து நரம்பும் வளர்க்கலாம், இதயத் துடிப்பும் பார்க்கலாம். ஒரு தேவாங்கைக்கூடப் பிடித்துக் கூண்டில் அடைக்காமல் அதன் நோய்களைப் படிக்கலாம். எலியின் செல்லும் மனுஷச் செல்லும் எங்கள் ஆய்வகத்தில் சமத்தாகச் சொல்பேச்சுக் கேட்கும். தேவாங்கு கேட்கவில்லை. இரண்டு முறை எல்லாம் செத்தன. மூன்றாவது முறை, டிசம்பரில், தட்டில் இருந்த குட்டிக் குழிகளில் ஒரே ஒன்றில் ஒரே ஒரு செல் கூட்டம் முளைத்தது. ஓரம் நறுக்கினாற்போல் ஒரு குட்டி வட்டம்.

அந்த வட்டத்துக்கு லீவு கிடையாது. தினமும் பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதிது ஊற்ற வேண்டும். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குக் கிளம்ப, நான் எங்கள் வீடு இருக்கும் தக்கலையிலிருந்து தினமும் வந்துபோகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு ஈஸ்ட் பெரிய எதிரி. ஒரு துளி தட்டுக்குள் விழுந்தால் போதும், மறுநாளே திரவம் கலங்கிவிடும், அப்புறம் தட்டோடு தூக்கிப்போட வேண்டியதுதான். ‘வீட்டில் மாவு பிசைந்தவர்கள் அன்று செல் அறைக்குள் வரக்கூடாது’ என்று எங்கள் மேடம் விதியே வைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஈஸ்ட் போட்டு மாவைப் புளிக்கவைத்து ஆப்பம் சுடுகிற வீட்டுப் பெண்ணான எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அம்மா பெரிய பானையை இறக்கினாள்.

“ஏட்டி, நீ மாவுல கை வைக்கமாட்டியா?”

“மாட்டேன். அந்த ஈஸ்ட் பாக்கெட்டுக்க பக்கத்துலயே வரமாட்டேன்.”

“ஆப்பம் வேணும், மாவு மட்டும் வேண்டாம். நல்ல படிப்பு!”

மாட்டிக்கொண்டவன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன். அரிசி மாவில், ரவையைக் காய்ச்சி ஆறவைத்த கப்பியைப் போட்டு, முழங்கைவரை வெள்ளையாக நின்றான்.

“அங்க எனக்குக் கீழ எத்தன பேரு வேல பாக்கான் தெரியுமா?”

“அதெல்லாம் அங்க வச்சுக்க மக்கா. இஞ்ச கட்டி தட்டாம கலக்கு,” என்றாள் அம்மா.

என்னை பைக்கில் கொண்டுவிடுவதும் அவன் பொறுப்புத்தான். அவன் கைகழுவிச் சட்டை மாற்றப் போன நேரத்தில் மிச்சத்தைக் கலக்க அம்மா பானையை வாங்கிக்கொண்டாள். நான் வாசலில் நின்று, “வண்டியில உன்னத் தொடமாட்டேன், நடுவுல பையை வச்சுக்கிடுவேன்,” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அம்மா தலையில் கைவைத்து ஜெபிக்காமல் யாரும் தூரப் பயணம் போக முடியாது. அன்றும் வந்தாள். நான் கண்ணை மூடினேன். தலையில் கொஞ்சம் ஈரமாக இருந்தது. கைகழுவின தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு ஆமென் சொன்னேன்.

களியக்காவிளையில் டீ குடிக்க நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினேன். அண்ணன் என்னைப் பார்த்து டீயைத் துப்பாத குறை.

“ஏட்டி, ஒனக்கு இப்பமே நரைச்சாச்சா?”

தடவிப் பார்த்தேன். உச்சியில் ஐந்து விரலும் பதிந்து, காய்ந்துபோன மாவு. மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, ஈஸ்ட்.

திரும்பிப் போனால் வட்டத்துக்கு அன்றைக்குச் சாப்பாடு இல்லை. இப்போதுதான் முளைத்தது, ஒரு நாள் பட்டினியைத் தாங்குமா தெரியாது. உள்ளே போனாலோ, என் தலையே அதற்கு எமன். பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் ஒரு சரம் வாங்கினோம். ஆய்வகத்துக்குப் பின்னால் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயடியில் குனிந்து நின்றேன். அண்ணன் வாளித் தண்ணீரை மோந்து மோந்து ஊற்றினான்.

“கண்ணுல போவுது! பைய ஊத்து!”

“அம்மைக்க ஆசீர்வாதத்த ஷாம்பு போட்டுக் கழுவுன மொத ஆளு நீதாண்டி.”

மூன்று தடவை கழுவி, அலமாரியில் இருந்த மாற்றுடை போட்டு, தலைக்குத் துண்டு, அதன்மேல் ஒரு தொப்பி, அதற்குமேல் இன்னொரு தொப்பி. மூச்சைப் பிடித்துக்கொண்டு திரவத்தை மாற்றிவிட்டு வெளியே வந்தேன். ஈஸ்ட் விழுந்ததா இல்லையா என்பது மறுநாள்தான் தெரியும்.

ராத்திரிச் சாப்பாட்டில் ஆப்பம் பஞ்சுபோல் வந்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையும் எனக்கு ஈஸ்டாகத் தெரிந்தது. இருந்தும் நாலு தின்றேன். அண்ணன் வாய் சும்மா இருக்காமல் குழாயடிக் கதையை நடித்தே காட்டிவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. என் தட்டில் கறியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“அது செத்துப்போனா நான் கொன்னதா ஆவுமா மக்ளே?”

“சும்மா இரி அம்மா, ஒண்ணும் ஆவாது,” என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த கையோடு புதுச் சட்டையில் அண்ணனும் நானும் மறுபடி பைக் ஏறினோம். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். திரவம் கலங்கவில்லை, இளஞ்சிவப்பாகத் தெளிந்து நின்றது. மைக்ராஸ்கோப்பில் குழியின் மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். மொட்டுவிடும் ஈஸ்ட் மணிகள் ஒன்றும் இல்லை. நடுவில் என் வட்டம், நேற்றைவிடக் கொஞ்சம் அகலமாக, ஓரம் அப்படியே நறுக்கென்று. ஆளில்லாத அறையில் சத்தமாகவே சிரித்தேன்.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது.

“இதுல எதுடி தேவாங்கு? கண்ணக் காணோமே!”

மறுநாள் காலை வாசலில் வழக்கம்போல் நின்று கண்ணை மூடினேன். ஜெபம் தொடங்கியது, தலையில் ஒன்றும் படவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். சோப்புப் போட்டுக் கழுவிச் சிவந்த கையை என் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் நிறுத்திக்கொண்டு அம்மா உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“ஆண்டவரே, இந்தப் பிள்ளையையும், கண்ணு முளைக்காத அந்தத் தேவாங்கையும் காத்துக்கொள்ளும்.”