பூண்டு புழங்காத வீடு

அக்காவின் ஆள்காட்டி விரலும் பெருவிரலும் என் மூக்குக்கு நேரே நீண்டிருக்கின்றன. "மோந்து பாருட்டி" என்கிறாள். குற்றாலத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் மொட்டை மாடி. மலையிலிருந்து இறங்கும் காற்றில் ஈரம். பழைய பெயின்ட் வாளி ஒன்றில் புல்லைப் போல எழுந்து நிற்கின்றன பச்சைத் தாள்கள். அவற்றில் ஒன்றைக் கிள்ளிக் கசக்கிய விரல்கள் அவை. பச்சைப் பூண்டின் காரம் மூக்கில் ஏறி என் கண்ணில் நீர் வருகிறது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறமும் பார்த்ததில்லை.

தென்காசியில் எங்கள் வீட்டில் பூண்டில்லாத சமையல் என்று ஒன்று கிடையாது. அம்மா ரசத்துக்குத் தட்டிப் போடுவாள்; முழுப் பற்களை நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைப்பாள். சட்டியின் அடியில் வெந்து கிடக்கும் பூண்டுக்காக அக்காவும் நானும் சண்டை போட்டிருக்கிறோம். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க தலைமுறையா கோயில் காரியம் பாக்குதோம். வெங்காயம், வெள்ளப்பூடு எங்க வீட்டு நடை ஏறாது. உங்க பிள்ளைக்கு ஒத்து வருமா?" என்று கேட்டார். "அதெல்லாம் இருந்துக்கிடுவா" என்று அம்மா சொன்னாள். அக்கா பக்கத்து அறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. வயலும் தோப்பும் உள்ள குடும்பம், குணமான மாப்பிள்ளை. ஒரு பூண்டுக்காக இந்த இடத்தை விடுவார்களா என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் பிரசவம் எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டாவது பிரசவத்துக்குள் அம்மா போய்விட்டாள். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே குற்றாலத்து வீட்டுக்குத்தான் போனாள். பிள்ளைக்குப் பால் போதவில்லை. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. தூக்குவாளியில் செய்து கொண்டுபோனேன். அக்காவின் மாமியார் மூடியைத் திறந்து பார்த்தார். நேரே கொல்லைப்புறம் போய் வாழை மரத்து மூட்டில் ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். பிள்ளை புட்டிப்பாலில் வளர்ந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "இவளுக்குப் பாலே இல்ல, பாத்துக்கோங்க" என்று அந்த அம்மாள் சிரித்தபடியே சொன்னார். ஒவ்வொரு முறையும் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அக்கா என்னிடம், "ஏட்டி, அடுத்த மட்டம் வரும்போது ஒரு வெள்ளப்பூடு கொண்டு வா" என்றாள். அவளால் கடையில் வாங்க முடியாது. கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த வீட்டைத் தெரியும். நான் அப்போது தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். எங்கள் தெருப் பலசரக்குக் கடையில் வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனேன். சில பற்களில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. ஆசைக்குச் சுட்டுத் தின்னப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பற்களைத் தோல் உரியாமல் பிரித்து, கூரான முனை மேலே இருக்கும்படி, மாடியில் கிடந்த பெயின்ட் வாளி மண்ணில் விரற்கணு ஆழத்தில் ஊன்றினாள்.

"தின்னா இன்னைக்கோட தீந்துரும். நட்டா இருக்கும்லா" என்றாள்.

அந்த முதல் நடவு சாரலில் அழுகிப்போயிற்று. குற்றாலத்துச் சாரல் பூண்டுக்கு ஆகாது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருந்தாள். வாளியின் அடியில் ஓட்டைகள் போட்டு, மண்ணில் பாதிக்கு மணலும் மக்கிய சாணமும் கலந்து, கார்த்திகைக் கடைசியில் மறுபடி நட்டாள். இந்த முறை நான் வாங்கிப் போனது மலைப்பூண்டு. மார்கழிக் குளிரில் தாள்கள் செழித்து வந்தன. மாமியாருக்கு மூட்டுவலி, மாடி ஏறுவது அபூர்வம். ஒரு தடவை ஏறி வந்து கேட்டபோது, லில்லிச் செடி என்று அக்கா சொல்லிவிட்டாள். துணி காயப்போடப் போகும்போது ஒரு தாளைக் கிள்ளி மென்றுவிட்டு, ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு இறங்கி வருவாள். நாள் முழுவதும் அந்த வீட்டில் அவளுடையது என்று இருந்தது அந்தச் சிறிது நேரம்தான்.

அத்தானிடம் அவள்தான் சொன்னாள். மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டி, அவர் வாயிலும் ஒரு தாளை ஊட்டியிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே தின்றாராம். "ஒண்ணும் சொல்லலட்டி. நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாரு" என்று என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மாசியில் தாள்கள் பழுக்கத் தொடங்கின. தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். பறிக்கும் பக்குவம் நெருங்கிவிட்டது என்று என்னையும் வரச் சொல்லியிருந்தாள். நான் போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் காரியமாக உறவினர்கள் சிலர் அங்கே சாப்பிட வந்திருந்தார்கள். சாம்பாரில் சாரமே இல்லை என்று மாமியார் எல்லோர் முன்னாலும் அக்காவைக் குறை சொன்னார். அத்தான் இலையிலிருந்து தலையைத் தூக்கி, வேடிக்கைபோல, "மாடியில போயி ரெண்டு பூண்டுத் தாளு கிள்ளிப் போடச் சொல்லுங்கம்மா. உங்க மருமக வச்ச லில்லி அங்கனதான் வளருது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

மாமியார் சத்தம் போடவில்லை. சாப்பாடு முடியட்டும் என்று பொறுத்திருந்து, வலிக்கிற காலோடு மாடி ஏறினார். உறவுக்காரப் பெண்களும் ஏறினார்கள். "நட்டவளே பிடுங்கட்டும்" என்றார். அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சில, பல் பிரியாமல் உருண்டையாக இருந்தன. சில, நன்றாகத் திரண்டு, ஊதா ஓடிய ஈரத் தோலோடு வந்தன. கடைப் பூண்டைவிடச் சிறியவை. "ஆத்துல போட்டுட்டு, தலை முழுகிட்டு வா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இறங்கினார். அத்தான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சிற்றாற்றுக்கு நானும் கூடப் போனேன். "எங்கிட்ட குடுக்கா, நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். முந்தானையிலிருந்ததை மொத்தமாக ஆற்றில் கொட்டினாள். மிதந்து போனதைக்கூட அவள் பார்க்கவில்லை. முங்கி எழுந்து, ஈரத் தலையோடு படி ஏறும்போது மட்டும் சொன்னாள்: "அத்தயே கண்டுபிடிச்சிருந்தா எனக்கு ஒண்ணும் இல்லட்டி."

பிறகு வந்த காலத்தில் அவள் அந்த வீட்டில் எதற்கும் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. மாமியாரைக் கடைசிவரை அவள்தான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள். அந்த அம்மாள் இறந்து, காரியமெல்லாம் முடிந்தபின், இனி இவள் நினைத்ததைச் சமைக்கலாம் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. பூண்டுப் பேச்சை எடுத்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

இப்போது அவளுக்கு ஒரு மருமகள் வந்திருக்கிறாள். மதுரைப் பெண்; வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். பிரசவம் முடிந்து தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு அவள் திரும்பி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு கண்ணாடிப் பாட்டிலை அக்காவிடம் நீட்டினாள். "அம்மா செஞ்சு குடுத்தாங்க அத்தை. பூண்டு ஊறுகாய். பால் குடுக்கறதால நல்லதுன்னு சொன்னாங்க."

அக்கா வாங்கிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுல இது பழக்கமில்லம்மா" என்று சொல்லி, என் பையைத் திறந்து அதற்குள் வைத்தாள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அத்தான் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

வாசல்வரை வழியனுப்ப வந்த அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "அந்தப் பிள்ளையாவது தின்னுட்டுப் போட்டுமேக்கா."

அக்கா என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் தின்னாமத்தான இவ்வளவு நாளும் கெடந்தேன். செத்தா போயிட்டேன்?"

கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.