மேல் இறக்கை

அண்ணனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடத்தில். முதலில் கட்டைவிரல் மட்டும், எதையோ உருட்டுவது போல அசைந்துகொண்டிருந்தது. பிறகு கை முழுவதும். சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, இது குறையாது, மெல்ல ஏறும், அதைத் தள்ளிப்போடத்தான் மாத்திரை என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கேட்க நினைத்ததையெல்லாம் பஸ் மலையேறும்போது மனதுக்குள் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மலைமேல் மஞ்சக்குட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு நான் இங்கே வந்துவிட்டேன். பிள்ளைகள் இல்லை. சேலத்திலிருந்து திரும்பிய அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் பீரோ மேலிருந்த அட்டைப் பெட்டியை எடுக்கச் சொன்னார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். முன்பு பங்களாக்காரர்கள் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போனபோது, வேலை செய்தவர்களை ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். மற்றவர்கள் நாற்காலி, கடிகாரம் என்று தூக்கிப்போக, அண்ணன் இந்தப் பெட்டியை எடுத்து வந்தார். மூடியில் மேகத்துக்கு நடுவே, மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை வைத்த பழைய விமானத்தின் படம். உள்ளே பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்த சின்னச் சின்னத் துண்டுகள். ஒட்டி முடித்தால் உள்ளங்கையில் அடங்கும். வேலையில் இருந்த காலமெல்லாம், ரிட்டயர் ஆனதும் செய்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேல் எறக்கைய மட்டும் நான் வெக்கறேன் கண்ணு. மத்ததெல்லாம் நீ ஒட்டு" என்றார். "அது ஏறுனாத்தான் ப்ளேன். அதுவரைக்கும் அது பூச்சிதான்."

பெட்டியில் இருந்த பசை கல்லாகியிருந்தது. பஸ் ஏறி ஒண்டிக்கடை பஜாருக்குப் போய் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நின்றேன். இந்த வயதில் பொம்மை விமானத்துக்குப் பசை என்று கேட்க நாக்கு வரவில்லை. "பிளாஸ்டிக் ப்ளேன் ஒட்டறதுக்குங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஊட்டுல பையனுக்குங்களாக்கா?" என்றார் கடைக்கார பாய்.

தலையை ஆட்டினேன். அவர் ஒரு சின்ன டியூபைக் கொடுத்தார். "சாக்கிரதைங்க. தொட்ட ஒடனே புடிச்சுக்கும். வெச்சா வெச்சதுதான். பையன் வெரல ஒட்டிக்கப்போறான்."

மழைக்காலம் முழுக்க ஒட்டினோம். பெட்டியில் இருந்த செய்முறைத் தாள் இங்கிலீஷில் இருந்தது, எனக்கு அது வராது. எண்ணைப் பார்த்து, படத்தைப் பார்த்து ஒட்டினேன். அண்ணன் எதிரில் உட்கார்ந்து, நடுங்கும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். "ரைட்டர் புத்தி போகலீங்களே உங்களுக்கு" என்றால் சிரிப்பார். தண்ணீரில் ஊறவைத்து உரித்து இறக்கைகளில் ஒட்ட வேண்டிய வட்டச் சின்னங்கள், பழசாகிப்போனதால் தண்ணீரில் போட்டதும் தூள்தூளாகப் போயின. அன்று சிரிக்கவில்லை.

வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த வெள்ளிப் பெயிண்ட் இருந்தது. உடம்பும் கீழ் இறக்கையும் எப்படியோ காய்ந்துவிட்டன. மேல் இறக்கைக்கு அடித்தபிறகு பனி மூடியது. நாட்கணக்கில் தொட்டால் விரலில் ஒட்டியது. இந்த மாதங்களில் எங்கள் பக்கம் ஈரமானது எதுவானாலும், மிளகோ பாவாடையோ, விறகடுப்புக்கு மேல் கட்டிய மூங்கில் தட்டுக்குத்தான் போகும்.

"மொளகு காயுது, இது காயாதா? வெய்யி" என்றார் அண்ணன். எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை. சோறு வடித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். பெயிண்ட் காய்ந்திருந்தது. இறக்கை வாடிய வாழையிலை மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியிருந்தது.

அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அதற்கப்புறம் விமானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. சாப்பிடும்போது கரண்டி தட்டில் தடதடவென்று அடிப்பது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் முன்னைவிட அதிகமாகியிருந்தது. இனியும் தள்ளினால் அவரால் வைக்கவே முடியாது என்று எனக்குப் பயம் வந்தது. வெந்நீரில் இறக்கையை முக்கி, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து அம்மிக்குழவியை ஏற்றினேன். ஓரளவு நிமிர்ந்தது.

"வாங்கண்ணா, இன்னைக்கு வெச்சிருங்க" என்றேன்.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கீழ் இறக்கையிலிருந்து மேலே நிற்கும் குச்சிகள் தீக்குச்சியைவிட மெல்லியவை. அவற்றின் நுனிகளில்தான் மேல் இறக்கை உட்கார வேண்டும். பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்தார். கை தட்டி ஒரு குச்சி கழன்றது. அதை ஒட்டிக் கொடுத்தேன். மறுபடி தட்டியது. நெற்றியில் வேர்த்துவிட்டது.

"நீயே வெய்யி" என்றார். பிறகு, "இரு. உன் கை மேல என் கை இருக்கட்டும்."

நுனிகளில் பசை தொட்டுவிட்டு இறக்கையைப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நடுக்கம் என் விரல்வரை வந்தது. உதறிவிட்டிருந்தால் நேராக வைத்திருப்பேன். உதறவில்லை. இறக்கை குச்சிகளைத் தொட்டது, பிடித்துக்கொண்டது. இடது பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தது.

அண்ணன் கையை எடுத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ப்ளேன்தான்" என்றார். எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஜீப்காரர் வந்தபோது அதைப் பார்த்தார். "ஏனுங்க ரைட்டரே, கொண்டை ஊசி வளைவுல திரும்பற பஸ்ஸாட்டம் நொம்பச் சாயுதுங்களே!" படுத்திருந்த அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இப்போது அவர் குடிக்கத் தம்ளரையும் நான்தான் பிடிக்கிறேன்.

போன வாரம் ஒண்டிக்கடையில் சோப்பு வாங்கப் போனபோது பாய் ஞாபகமாகக் கேட்டார்.

"பையன் ப்ளேன முடிச்சுட்டானுங்களாக்கா?"

"முடிச்சாச்சுங்க."

"கப்பல் ஒண்ணு வந்திருக்குதுங்க. குடுக்கட்டுங்களா?"

"வேண்டாங்க. இனி அவனால முடியாதுங்க."

"அதுக்குள்ள சலிச்சுப்போச்சா! பசங்களே அப்படித்தானுங்க" என்று சிரித்துக்கொண்டே சோப்பைப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.