அர்டீலியா ஒப்பித்த சட்டம்

எங்கள் ஊரில் அர்டீலியா ஸ்ப்ரூலின் கையில் தலையைக் கொடுக்காத கறுப்புப் பெண் கிடையாது. மிசிசிப்பியின் பருத்திக்காடுகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். சலவைக்கடைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி, ஒரு தொட்டி, ஒரு அடுப்பு, அவ்வளவுதான் அவள் கடை. அடுப்பில் காய்ந்த இரும்புச் சீப்பைச் சுருட்டை முடியில் இழுத்து இழுத்து நேராக்குவாள். பக்கத்தில் வரும்போது, "காதைப் பிடிச்சுக்கடி" என்பாள். பிடிக்காமல் விட்டுச் சுட்டுக்கொண்டால் அது நம் பாடு. என் இடது காதில் இன்னும் தழும்பு இருக்கிறது. அது என் தப்புதான் என்று கடைசிவரை சாதித்தாள்.

அவளுக்குத் துணிச்சல் அதிகம். எங்களையெல்லாம் வெள்ளைக்காரர்கள் நினைத்தால் வேலையை விட்டு நிறுத்தலாம். அவளுக்கு வேலை கொடுத்ததே நாங்கள்தான், அவளை யார் நிறுத்துவது?

1961இலிருந்து ஒன்பது முறை அவள் கோர்ட்டுக்குப் போய், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். பதிவாளர் ஸ்ட்ரிப்ளிங் மாநிலச் சட்டத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்து நீட்டுவார். பார்த்து எழுத வேண்டும், பிறகு அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் வந்தால் ஒற்றை வரிப் பிரிவு. அர்டீலியா வந்தால், வெள்ளம் வராமல் கரை காக்கும் ஆற்றங்கரை வாரியத்தைப் பற்றி ஒரு முழுப் பக்கம். சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வதும் அவரேதான். அவருக்கு அதன் பொருள் தெரியுமா என்று யார் கேட்பது?

"என்ன அர்டீலியா, மறுபடியும் வந்துட்டியா?"

"மிஸஸ் ஸ்ப்ரூல்னு கூப்பிடுங்க சார்."

"ஃபெயில், அர்டீலியா. கிளம்பு."

கறுப்புப் பெண்ணை 'மிஸஸ்' போட்டுக் கூப்பிட அன்றைக்கு எந்த வெள்ளைக்காரருக்கும் வாய் வராது. கிளம்புவாள். நாலைந்து மாதம் கழித்து அதே கையுறை, அதே தொப்பியோடு திரும்பப் போய் நிற்பாள்.

ஒற்றை ஆளாகப் போனால் ஊதித் தள்ளிவிடுகிறார்கள் என்று தெரிந்ததும் எங்களைப் பிடித்துக்கொண்டாள். தலை செய்ய இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? சவ அடக்கம் செய்யும் கடைக்காரர் சர்ச்சுக்கு இலவசமாகத் தரும் அட்டை விசிறிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். பின்பக்கம் இருந்த விளம்பரத்தின் மேல் தாள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சட்டப் பிரிவை எழுதினாள். முன்பக்கம் இயேசு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். போலீஸ் எட்டிப் பார்த்தால், நாலு பெண்கள் புழுக்கம் தாங்காமல் விசிறிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரியும்.

"படிச்சதைச் சொல்லுடி, கோரலீ."

"சீப்பு சுடுதுக்கா" என்பேன் நான்.

"சட்டம் தெரியாம இருந்தா இதைவிடச் சுடும். சொல்லு."

படித்தோம். கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் மட்டும் ஆளுக்கொரு சாக்கு. அங்கே போவதென்றால் சர்ச்சுக்குப் போவதுபோல் போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கலைந்த தலையோடு போனால் அவர்கள் சிரிக்க நாமே இடம் கொடுத்த மாதிரி. அதனால், "தலை செஞ்சுக்கிட்டு வர்றேன்க்கா" என்போம். செய்து முடித்தால், மழை வரும்போல இருக்கிறது, முடி சுருண்டுவிடும் என்போம். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில்கூட நான் மழையைச் சாக்குச் சொல்லியிருக்கிறேன். பயம்தான், வேறென்ன?

1965, ஈஸ்டர் வாரம். நான் ஹாடன் வீட்டில் சமையல்காரி. அடுப்படிச் சூட்டில் யோசிக்காமல், மாவு பிசைந்த கையோடு பையிலிருந்த விசிறியை எடுத்து வீசிக்கொண்டிருந்தேன். எஜமானி வந்தார், வாங்கினார், திருப்பிப் பார்த்தார்.

"கோரலீ, இதை யார் எழுதினது?"

என் மூன்று பிள்ளைகளும் கண்முன் வந்து நின்றார்கள். சொல்லிவிட்டேன். இன்றைக்கும் இதை எழுதக் கை கூசுகிறது.

மறுநாளே அழகு நிலையங்களைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் வந்து, தொட்டியில் விரிசல் என்று எழுதி, அர்டீலியாவின் கடையைப் பூட்டி, கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு மூன்று நாள் இருக்கும்போது! அதைவிட முட்டாள்தனம் உண்டா?

வியாழன் மதியம்தான் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையல்காரிகளுக்கு அரைநாள் லீவு. ஈஸ்டருக்குத் தலை செய்ய இருபத்திரண்டு பேர் வந்து நின்றோம். எல்லார் தலையும் குளித்துச் சிலும்பி, துணிக்குள் முடிந்து கிடந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால் அர்டீலியா நீல உடையும் தொப்பியுமாக நின்றாள்.

"இன்னைக்குத் தலை நடக்காது. நான் கோர்ட்டுக்குப் போறேன். பத்தாவது தடவை. வர்றவங்க வரலாம்."

"இந்தத் தலையோடவா?" என்றாள் ஒருத்தி.

அர்டீலியா தொப்பியைக் கழற்றினாள். அவள் தலையும் எங்கள் தலையைப் போலத்தான் இருந்தது. அவளை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை. தொப்பியை வேலிக்கம்பில் மாட்டினாள்.

"இந்தத் தலையோடதான்."

இனிமேல் என்ன சாக்குச் சொல்ல? என் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, ஹாடன் அம்மாகிட்ட உங்க பேரைச் சொன்னது நான்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"தெரியும்டி. அதிகாரி விசிறியைக் காட்டினான், உனக்கு நான் கொடுத்த விசிறி. அதுல உன் மாவுக்கை அப்படியே பதிஞ்சிருந்துச்சு. எவ்வளவு தைரியம் உனக்கு, சட்டத்தை அவங்க சமையல்கட்டுக்குள்ளயே கொண்டுபோய் வீசியிருக்க! வா, முன்னால நில்லு."

முன்னால் நின்றேன். மூன்று தெரு நடந்தோம். தலைத்துணியை ஒவ்வொருத்தியாக அவிழ்த்துக்கொண்டே நடந்தோம். ஸ்ட்ரிப்ளிங் கதவுக்கு வெளியே நிற்கிற வரிசையை எட்டிப் பார்த்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்து, இருபத்துமூன்று பேரையும் ஃபெயில் ஆக்கினார். பட்டியலில் சேர்க்கக் கேட்டவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் அன்றைய வழக்கப்படி எங்கள் பெயர்கள் இரண்டு வாரம் பேப்பரில் வந்தன. எஜமானி பேப்பரை மடித்து மேசையில் வைத்துவிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

சர்ச்சு ஆண்கள் அர்டீலியாவுக்குப் புதுத் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். கடை திறந்தது. நான் அங்கே தலை கழுவிவிடும் வேலைக்குச் சேர்ந்தேன். அதன்பிறகு அடுத்தவர் வீட்டில் கரண்டி பிடிக்கவே இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்டில் வாஷிங்டனில் புதுச் சட்டம் வந்தது. பெயர் சேர்க்க மத்திய அரசே ஓர் ஆளை அனுப்பியது. தபாலாபீஸின் பின் அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார், கண்ணாடி போட்ட இளம் வெள்ளைக்காரர். தெரு முனை வரை வரிசை. முதல் ஆள் அர்டீலியா.

"உங்க பேரு?"

"மிஸஸ் அர்டீலியா ஸ்ப்ரூல்."

"வயசு, விலாசம் சொல்லுங்க மிஸஸ் ஸ்ப்ரூல்."

சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். அவர் வாக்காளர் அட்டையை எழுதி நீட்டினார். அவள் கை அதைத் தொடவில்லை.

"எந்தப் பிரிவு சார்?"

"பிரிவெல்லாம் கிடையாதும்மா. இனிமே பரீட்சையே இல்ல. அவ்வளவுதான்."

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் இறுகிவிட்டது.

"நாலு வருஷம் சார். பத்துத் தடவை. ஃபெயில்னு சொன்னதை நான் ஒத்துக்கல. நீங்க உட்கார்ந்து கேக்கணும்."

அவர் வரிசையைப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்தியது. பேனாவை மூடி வைத்தார்.

அர்டீலியா ஆற்றங்கரை வாரியத்தில் தொடங்கினாள். உறுப்பினர் யார், எத்தனை வருஷம், யார் நியமிப்பது, ஒரு சொல் பிசகவில்லை. பாதியில் பின்னாலிருந்து ஒரு குரல் சேர்ந்தது, பிறகு இன்னொன்று, பிறகு நான். தெரு வரைக்கும் பெண்கள் ஒப்பித்தார்கள். முடிந்ததும், அதற்கு என்ன பொருள் என்று அவள் தனியாகச் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள்.

"இப்ப சொல்லுங்க. பாஸா, ஃபெயிலா?"

அந்த மனிதர் எழுந்து நின்றார்.

"பாஸ், மிஸஸ் ஸ்ப்ரூல்."

அதற்குப் பிறகுதான் அவள் கை நீட்டி அட்டையை வாங்கினாள்.