மன்றம் பதில் சொன்ன வருஷம்

மலையிலிருந்து கீழே போய்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருஷமே நாடக மன்றத்தில் பெயர் கொடுத்தேன். பள்ளியில் ஆண்டு விழா நாடகங்களில் நடித்திருந்ததால் மேடை பயம் கிடையாது. விடுதியில் என் அறையில் இருந்த பெண்கள் யாரும் அதில் சேரவில்லை. நான் மட்டும் ஒரு சனிக்கிழமை மதியம் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன்.

அன்றைக்குப் புது உறுப்பினர்களுக்கு வரவேற்பு. மன்றத்தின் தலைவர் கடைசி வருஷம் படிக்கிற அண்ணன். மேடையில் அவர் நின்றாலே கூட்டம் அடங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் கொடுத்து அங்கேயே நடிக்கச் சொன்னார். ஒருத்தி டிராபிக் போலீஸ், ஒருவன் கணக்கு வாத்தியார். என் முறை வந்தபோது எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை என்றேன்.

"அப்ப நீ வேற யாராவும் நடிக்க வேண்டாம். நீயாவே நடி. மலையிலேர்ந்து இறங்கி வந்து முதல் தடவையா லிப்ட்டைப் பாக்கறே."

யாரோ ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினார்கள். கையில் ஒரு விறகுக் குச்சி. "ஊட்டுக்கு வாரேனுங்க" என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சிரித்தார்கள். மறுபடி சொல்லச் சொன்னார்கள். போதும் என்று நான் நிறுத்தியதும், "நடிக்க வந்தவளுக்கு வெக்கம் எதுக்கு?" என்றார் தலைவர். அவர் கையில் போன் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ மன்றத்தின் இணையப் பக்கத்தில் 'மலை ராணி' என்ற தலைப்போடு வந்துவிட்டது. மெஸ்ஸில் தட்டை நீட்டினால், பின்னால் நிற்கிற யாராவது "ஊட்டுக்கு வாரேனுங்க" என்பார்கள். பெரிய கொடுமை என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் வாயைத் திறக்கும் முன் ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் லீவு என்று சொன்னேன். அப்பாவும் அம்மாவும் நம்பினார்கள். மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம், ஆள் தேவை. ஏணி வைத்து ஏறிக் கொடியிலிருந்து மிளகுச் சரத்தை உருவிப் போடுவதும், அதை மிதித்து உதிர்த்துப் பாயில் காயப்போடுவதுமாக நாட்கள் போயின. லீவு எப்போது முடியும் என்று அப்பா கேட்டபோதெல்லாம் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

எங்கள் ஊரில் போனில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் மேட்டுக்காட்டுப் பாறைக்குப் போக வேண்டும். அங்கே ஒருநாள் போனை உயிர்ப்பித்ததும் மன்றத்தின் செயலாளர் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவரும் அன்றைக்கு ஒத்திகைக் கூடத்தில் இருந்தவர்தான். கதவருகே நின்றிருந்தார். அவரோடு அதுவரை நான் சரியாகப் பேசியதுகூட இல்லை.

"எப்படி இருக்கேம்மா?" என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "நான் மாணவர் நலத் துறையில புகார் கொடுத்திருக்கேன். எங்க மன்றத்து மேலயே. உன் பேரைப் போடல. உன்னைக் கேக்காமப் போட மாட்டேன்."

"வேண்டாங்க்கா. மன்றத்தையே மூடிருவாங்க. எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க."

"நீ வேண்டாம்னா உன் பேரு வராது. ஆனா புகாரு இருக்கும். நான் செயலாளர். நான் நின்ன எடத்துல நடந்தது. நான் சிரிக்கல, ஆனா நிறுத்தவும் இல்ல. அதையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம்தான். நான் மறக்க நினைப்பதை இவர் ஏன் கிளறுகிறார் என்று. ஆனால் இறங்கி வரும்போது, அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவருக்காவது அது சரியில்லை என்று பட்டிருக்கிறது என்ற எண்ணம் கூடவே வந்தது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியதோ என்று அத்தனை நாளும் குழம்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் திரும்பவும் பாறைக்குப் போய், "என் பேரைப் போட்டுக்கங்க அக்கா, ஆனா நான் கீழ வரமாட்டேன்" என்று சொன்னேன்.

"சொல்றேன்" என்றார்.

நான் கீழே போகவில்லை. விசாரணைக் குழு மேலே வந்தது.

இதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான். வேதியியல் துறைப் பேராசிரியை ஒருவர், மாணவர் பிரதிநிதியாக ஒரு முதுகலை மாணவர், குறிப்பு எடுக்க அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர். செம்மேடு வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஜீப் பிடித்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பேராசிரியைக்குத் தலை சுற்றி வாந்தி எடுத்திருக்கிறது. முகமெல்லாம் வெளுத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்தபடி இறங்கினார். அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு, கீழ எதாச்சும் தப்புப் பண்ணிட்டு வந்துட்டியா?"

"இல்லீங்கப்பா."

"அப்பறம் எதுக்கு சாமி இவங்கல்லாம் வந்திருக்காங்க?"

பேராசிரியைக்கு அது கேட்டிருக்க வேண்டும். "உங்க பொண்ணு எந்தத் தப்பும் பண்ணலைங்க. அவளுக்கு நடந்ததைக் கேக்கத்தான் வந்திருக்கோம்" என்றார். பிறகு என்னிடம், "பேசறப்ப உன் பக்கத்துல யாரு இருக்கணும்னு நீதான் சொல்லணும். யாரும் வேண்டாம்னாலும் சரி" என்றார்.

அம்மா இருக்கட்டும் என்றேன். அப்பா பலாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேராசிரியை இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. புகாரைப் படித்துக் காட்டி, எங்கே தப்பு இருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும் கேட்டார். நான் அழுதபோது தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் சொன்னதைக் குறிப்பு எடுத்த இளைஞர் திரும்பப் படித்தபோது 'வீட்டுக்கு வருகிறேன்' என்று எழுதியிருந்தார்.

"அவ அப்படிச் சொல்லலியே. சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றார் பேராசிரியை. இளைஞர் அதை அடித்துவிட்டு 'ஊட்டுக்கு வாரேனுங்க' என்று எழுதினார்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த அம்மா அப்போதுதான் கேட்டாள். "ஏனுங்க, நாங்க பேசறதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மாணவர் பிரதிநிதி தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியை அம்மாவைப் பார்த்து, "ஒண்ணும் இல்லீங்க" என்றார். பிறகு குறிப்பு எடுப்பவரிடம் திரும்பி, "அம்மா கேட்டதையும் எழுதிக்குங்க. இதே கேள்வியை அங்க கேக்கணும்" என்றார்.

கிளம்பும்போது நான் என் பயத்தைச் சொன்னேன். "மன்றத்தை மூடிராதீங்க மேடம். நான் மன்னிச்சிட்டேன்னு எழுதிக் குடுத்திடறேன்."

"நீ மன்னிக்கறதும் மன்னிக்காததும் உன் இஷ்டம்மா. அதுல நாங்க தலையிட மாட்டோம். ஆனா அந்த மன்றம் பல்கலைக்கழகத்தோட பேரை வெச்சுக்கிட்டு, பல்கலைக்கழகத்தோட அறையில இதைச் செஞ்சிருக்கு. அதுக்கு அது எங்களுக்குப் பதில் சொல்லணும். அந்தப் பாரத்தை நீ தூக்காதே."

ஜீப் போன பிறகு அப்பா வந்து என்னவென்று கேட்டார். அம்மாதான் சொன்னாள். அப்பா கேட்டு முடித்து, "அத்தன தூரம் ஏறி வந்து கேட்டாங்களே" என்றார். அதையே அன்றைக்குப் பல தடவை சொன்னார்.

தீர்ப்பு வந்தபோது மரவள்ளி பிடுங்க ஆரம்பித்திருந்தோம். பேராசிரியையே போன் செய்தார். மன்றம் ஒரு வருஷத்துக்கு எந்த நிகழ்ச்சியும் நடத்தக் கூடாது. வீடியோவை எடுத்துவிட்டு, அதே பக்கத்தில் என் பெயர் இல்லாமல், தாங்கள் செய்தது தவறு என்று எழுத வேண்டும். தலைவர் படித்து முடிக்கும்வரை எந்த மாணவர் அமைப்பிலும் பொறுப்பு வகிக்க முடியாது. அவர் எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அதைப் படிப்பதும் படிக்காததும் என் விருப்பம். அவருடைய படிப்புக்குத் தடையில்லை, பரீட்சை எழுதலாம். மன்றம் மறுபடி தொடங்குவதென்றால், புது உறுப்பினர்களை எப்படிச் சேர்ப்பது என்று மாணவர்களே விதி எழுதிக் கொண்டுவந்து ஒப்புதல் வாங்க வேண்டும். மற்ற நிர்வாகிகள் எல்லோரும் பதவியிழக்கிறார்கள்.

"செயலாளர் அக்காவுமா மேடம்?"

"அவங்களும்தான். புகார் கொடுத்ததுக்காக அவங்களைப் பாராட்டியும் எழுதியிருக்கோம். ஆனா அவங்க பொறுப்புல இருந்தாங்க."

அக்காவுக்குப் போன் போட்டு நான்தான் அழுதேன். அவர் அழவில்லை. "எனக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தா, நான் தப்பிக்கத்தான் புகார் கொடுத்தேன்னு ஆகியிருக்கும். சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நீ எப்ப வர்றே?"

அடுத்த வாரம் அப்பாவே என்னைக் கீழே கொண்டுபோய் விட்டார். விட்டுப்போன பாடங்களுக்கு மறு தேர்வு எழுத அனுமதித்தார்கள். மெஸ்ஸில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மன்றத்தை மூட வைத்தவள் என்று காதுபடச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் என் பேச்சைச் சொல்லிக் காட்ட யாரும் துணியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நானும் மனசுக்குள் ஒத்திகை பார்க்காமல் பேசத் தொடங்கினேன்.

பரீட்சை முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாளில் பழைய தலைவர் நூலக வாசலில் என்னைப் பார்த்து நின்றார். அவர் எழுதிய கடிதத்தைப் படித்தேனா என்று கேட்டார். 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். படித்தேன் என்றேன்.

"அதுல ஒண்ணை எழுதல. எங்கப்பா டெய்லர். நான் மன்றத்துல சேர்ந்தப்ப என்னை எங்கப்பா மாதிரி நடிக்க வெச்சாங்க. குனிஞ்சு வந்து அளவெடுக்கற மாதிரி. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் அங்க வழக்கம்னு நெனச்சுக்கிட்டேன்."

"அப்பவே யாராச்சும் ஒருத்தர் புகார் கொடுத்திருக்கலாங்க" என்றேன்.

"ஆமா" என்றார். அவ்வளவுதான் பேசினோம். ஆனால் அவரை மட்டும் தண்டித்து அனுப்பாமல் மன்றத்தையே பதில் சொல்ல வைத்தது எதற்காக என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் போனாலும் அந்த வழக்கம் கூடத்திலேயே இருந்து அடுத்த வருஷம் இன்னொருவர் கைக்குப் போயிருக்கும்.

ஒரு வருஷம் கழித்து விதி எழுத உட்கார்ந்தபோது அக்கா என்னையும் கூப்பிட்டார். பதவி இல்லாவிட்டாலும் அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். நிறையச் சண்டை போட்டோம். யாரையும் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, புகார் சொல்ல மன்றத்துக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நான் சொன்ன ஒன்றுக்குத்தான் இழுபறி. புதிதாக வருகிறவர் ஒன்றை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது என்றேன். நாடகத்தில் அப்படியெல்லாம் முடியுமா என்றார்கள். முடியும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். அந்த விதி இன்னும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

அந்த வருஷம் போட்ட முதல் நாடகத்தில் நான் ஆஸ்பத்திரி நர்ஸாக நடித்தேன். என் பேச்சை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை. நர்ஸ் டாக்டரை மடக்குகிற இடத்தில் கூட்டம் சிரித்தது. சிரிக்க வேண்டிய இடம்தான் அது.

இப்போது செம்மேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். நானாக விரும்பித்தான் மலைக்குத் திரும்பி வந்தேன். அந்தப் பேராசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். பொங்கலுக்குப் போன் செய்தால், அந்த வளைவுகளை மட்டும் மறக்க முடியவில்லை என்கிறார். மலை ஏறி வந்ததற்கு நன்றி சொன்னால், அது அவருடைய வேலை என்று முடித்துவிடுகிறார். வேலையைச் சரியாகச் செய்கிற ஒருவர் கையில் அந்தப் புகார் போய்ச் சேர்ந்தது என் அதிர்ஷ்டம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன மாசி மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சந்தை நாள். சாமைச் சோறும் கிழங்குக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பாயில் காய்ந்த மிளகைக் கையால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்கு நேராக நன்றி சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் கூச்சத்தோடு தலையை ஆட்டினார்.

அம்மா ஒரு பையில் மிளகு கட்டிக்கொண்டு வந்தாள். "நீங்க அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா எம்பொண்ணு அப்பவே இங்க கெழங்கு புடுங்கிக்கிட்டு நின்னிருப்பாளுங்க."

"கெழங்கு புடுங்கறது ஒண்ணும் குறைச்சல் இல்லீங்களே அம்மா" என்றார் அக்கா.

"குறைச்சல் இல்லீங்க" என்றாள் அம்மா. "ஆனா அவளா விரும்பி வரோணும்."