ஆளுக்கொரு பொத்தான்

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குத் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபாய். செஞ்சி, திண்டிவனம் வழியாக மூன்று மணி நேரப் பயணம். என் கணவர் பாஸ்கரன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடது கை பாதி செயலிழந்துவிட்டது. யாரும் இடித்துவிடக் கூடாதென்று அந்தக் கையை ஜன்னல் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

போனது ஒரு பின்பால் போட்டிக்கு. பெயரைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம், மூன்று வருடம் முன்பு வரை எனக்கும் தெரியாது. இடுப்பளவு உயரத்தில் கொஞ்சம் சாய்ந்த மேசை. மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புப் பந்து. அது உருண்டு கீழே விழப்போகும் இடத்தில் இரண்டு சின்னத் துடுப்புகள் இருக்கும். மேசையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான், அதை அழுத்தினால் துடுப்பு பந்தை மேலே தட்டிவிடும். பந்து தவறி நடுவில் விழுந்தால் அந்தப் பந்து முடிந்தது. ஓர் ஆளுக்கு மூன்று பந்து, அவ்வளவுதான் ஆட்டம்.

இவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இவர் மெக்கானிக். இளமையில் பெங்களூரில் விளையாட்டு மெஷின்கள் பழுது பார்த்தவர். பிறகு ஊரில் இன்வெர்ட்டர் கடை வைத்தார். புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் முசியே லூயி அந்த ஊர்த் தமிழர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். வரும்போது ஒன்பது மெஷின்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். கடல் காற்றில் அவை துருப்பிடிக்கத் துருப்பிடிக்க இவரைக் கூப்பிடுவார். பழுது பார்க்கப் போனவர் ஆடக் கற்றுக்கொண்டு, லூயி நடத்தும் போட்டியில் இரண்டு முறை அரையிறுதிவரை வந்தார்.

இந்த முறை நாங்கள் போனதற்கு வேறு காரணம். கை விழுந்ததிலிருந்து இவர் பிசியோதெரபிக்கு வர மறுத்தார். மூன்று நாள் வந்தார், நான்காம் நாள் படுத்துக்கொண்டார். மருத்துவர் ஒரு வருடத்துக்குள் பயிற்சி செய்தால்தான் கை திரும்பும் என்றிருந்தார். எட்டு மாதம் போய்விட்டது. கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் சமைக்காமலும் இருந்து பார்த்தேன். கடைசியில் அவரே ஒரு பந்தயம் வைத்தார்.

"போட்டில மொத சுத்து தாண்டிட்டா நீ சொல்ற எடத்துக்கு வர்றேன். தோத்துட்டா, இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

சரி என்றேன். பதினெட்டு வருடம் தபால் நிலையக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். ஒட்டிய தபால்தலையைக் கிழித்து வாங்குவதும் சொன்ன வார்த்தையை மாற்றுவதும் என்னிடம் நடக்காது. அவருக்கும் அது தெரிந்துதான் பந்தயம் வைத்தார்.

காலை ஒன்பதே முக்கால். கோரிமேடு தாண்டியதும் வழக்கம்போல மதுக்கடைப் பலகைகள் வரிசை கட்டின. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, முதலியார்பேட்டைக்கு ஆட்டோ பேசினோம். நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு வந்தார் ஓட்டுநர்.

"இன்னாம்மா, கல்யாணமா?"

"இல்லப்பா, பின்பால் போட்டி."

"அது இன்னாது? பந்து வெளாட்டா? சாருக்குக் கை..." என்று கண்ணாடியில் பார்த்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கண்ணாடிக்குள்ள உருள்ற பந்து. தூக்கிப் போட வேணாம்" என்றார் இவர். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

லூயியின் வீட்டுக்குப் பின்னால் பழைய அரிசிக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதில்தான் மெஷின்கள். பெங்களூர், சென்னை, கொச்சியிலிருந்து வந்தவர்கள், ஆரோவில்காரர்கள், ஊரிலேயே இருக்கும் பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று நாற்பது பேர் இருக்கலாம். இந்த நாட்டில் இந்த ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய போட்டி கிடையாது என்பார் லூயி. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறொன்று தெரியாது.

எழுபது தாண்டிய மனிதர் லூயி. வெள்ளை அரைக்கை சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டிருப்பார். இவரைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்பாலுக்கு அவர் வாயில் வருவது பிரெஞ்சுப் பெயர்தான், ஃப்லிப்பேர்.

"பாஸ்கர், ஃப்லிப்பேர்ல ஜோடியா ஆடறது பழைய வழக்கம்தான். ஆளுக்கொரு பொத்தான். எங்க ரெஜிமெண்ட்ல ஒரு கையில சிகரெட்டு, ஒரு கையில பொத்தான்னு ரெண்டு ரெண்டு பேரா நின்னு ஆடுவோம். ஒனக்கு எடது பக்கம் யாரு?"

இவர் என்னைக் காட்டினார். கூட வந்து வேடிக்கை பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

பிற்பகல் இரண்டு முதல் ஐந்துவரை பயிற்சி. முதல் ஒரு மணி நேரம் நான் அழுத்துவதற்குள் பந்து விழுந்துகொண்டே இருந்தது. "இப்போ... இப்போன்னா இப்போ கலா! தபால் முத்திரை குத்தறதா இது?" என்று கத்தினார். "நின்னு நிதானமாக் குத்தினாதான் முத்திரை தெரியும்" என்று நானும் கத்தினேன். பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மாதமாக அவர் என்னை இப்படித் திட்டவில்லை. எதற்கும் "சரி" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். திட்டு வாங்குவது சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது.

இன்னொரு சங்கடம். இருவரும் ஒட்டி நிற்கும்போது அவருடைய இடது கை இடையில் சிக்கியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, வலது கையால் அதைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நாலு பேர் முன்னால் தோளில் கை போட்டதில்லை. கனமாக இருந்தது. நகர்த்தச் சொல்ல மனம் வரவில்லை.

அன்று புதிய பேருந்து நிலையத்துக்கு அருகே தொள்ளாயிரம் ரூபாய் அறையில் தங்கினோம்.

சனிக்கிழமை காலை பத்தரை. முதல் சுற்று. ஒரு மெஷினில் நான்கு பேர் ஆட வேண்டும். ஒருவர் ஒரு பந்தை ஆடி முடித்ததும் விலகி நிற்பார், அடுத்தவர் வருவார். யாருடைய முறை என்று திரையில் எண் மின்னும். நால்வரில் முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். கண்டிப்பான ஒரு விதி உண்டு. இன்னொருவருடைய பந்தை ஒருவர் ஆடிவிட்டால், ஆடியவருக்கு அந்த ஆட்டத்தில் பூஜ்யம். பந்தில் வந்த புள்ளிகள் யாருடைய முறையோ அவருக்குப் போய்ச் சேரும்.

எங்கள் எண் மூன்று. முதல் எண் கொச்சிக்காரர் ஒருவர். இரண்டாவது நிவேதிதா, பெங்களூரில் வேலை பார்க்கும் பெண். நான்காவது ஆரோவிலில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரர். இரண்டு பந்து முடிந்தபோது எங்களுக்கு இருபத்தைந்து லட்சம், நிவேதிதாவுக்கு இருபத்திரண்டு, வெள்ளைக்காரருக்குப் பதினெட்டு. கொச்சிக்காரர் மூன்று பந்தும் முடித்து நாற்பது லட்சத்தோடு பக்கத்து மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். இந்த ஆட்டத்தில் புள்ளிகள் லட்சத்தில்தான். நாங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தோம். அதைக் காப்பாற்றினால் போதும்.

நிவேதிதா தன் கடைசிப் பந்தைத் தொடங்கியதுமே அது ஒரு மூலையில் சிக்கி நின்றுவிட்டது. லூயி வந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு ரப்பர் வளையம் அறுந்து, கம்பி ஒன்றும் விட்டுப்போயிருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை, இவரைப் பார்த்தார். இவர் ஏற்கெனவே குனிந்துவிட்டார்.

நான் டார்ச் பிடித்தேன். ஒற்றைக் கையால் ஸ்க்ரூ கழற்றினார், கம்பியைப் பல்லால் கடித்து உரித்தார், பற்றவைக்கும் கோலை வலது கையில் பிடித்துக்கொண்டு ஈயத்தை என்னை நீட்டச் சொன்னார். இருபது நிமிடம் ஆனது. அதற்குள் லூயி வேறொரு மெஷின் தகராறுக்குப் போய்விட்டார். நிவேதிதா டீ குடிக்கப் போனாள். வெள்ளைக்காரர் வாசலில் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

இவர் பந்தை ஏவும் இடத்தில் வைத்துக் கண்ணாடியை மூடினார், இடது கையைத் தூக்கி என் தோளில் போட்டார், வலது கையால் ஏவும் பிடியை இழுத்து விட்டார். மெஷினைச் சரிசெய்தவன் முதல் பந்தை அடித்துப் பார்ப்பது முப்பது வருடப் பழக்கம். அவர் நின்றால் நானும் பக்கத்தில் நிற்பது ஒரே நாளில் எனக்கு வந்த பழக்கம். யாருடைய முறை என்று நான் பார்க்கவே இல்லை. பந்தைத்தான் பார்த்தேன்.

அந்தப் பந்தைப் பற்றி எப்படி எழுதுவது? நேற்று முழுக்க "இப்போ, இப்போ" என்று கத்தியவர் வாயே திறக்கவில்லை. பந்து இடப்பக்கம் இறங்கும்போதெல்லாம் என் தோளில் அவர் விரல்கள் லேசாக அழுந்தின. நான் அழுத்தினேன். மேலே போனது, வந்தது, அழுந்தியது, அழுத்தினேன். திடீரென்று மெஷின் இன்னும் இரண்டு பந்துகளை வெளியே விட்டது. மூன்று பந்துகள் ஒரே நேரத்தில் உருண்டன. பின்னால் கூட்டம் கூடிவிட்டது தெரிந்தது. யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடமாவது ஆடியிருப்போம். கடைசிப் பந்து நடுவில் இறங்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் திரையில் "மூன்று" என்று மின்னியது. இனிமேல்தான் எங்கள் முறை. எழுபத்தொரு லட்சம் இரண்டாம் எண்ணுக்கு நேரே இருந்தது.

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. டீ டம்ளரோடு வந்த நிவேதிதா திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், இது நான் ஆடுனது இல்ல. எனக்கு வேணாம். திரும்பவும் மொதல்ல இருந்து ஆடலாம், நான் சொல்றேன் சார்கிட்ட" என்றாள்.

லூயி வந்து நின்றார். என்னைத்தான் பார்த்தார். விட்டுக்கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். என் கணவரின் கையே பந்தயத்தில் இருந்தது. ஆனாலும் என் வாயில் வந்தது வேறு.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். போடுங்க பூஜ்யம்."

"செ லா ரெக்ள்" என்று முணுமுணுத்தார் லூயி. அதுதான் விதி என்று அர்த்தம். தாளில் பூஜ்யம் போட்டுவிட்டு, இவர் முதுகில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார்.

மாலை நான்கரை வரை உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தோம். நிவேதிதா எங்கள் புள்ளியோடு அடுத்த சுற்றுக்குப் போய் அதில் தோற்றாள். ஒவ்வொரு பந்து முடிந்தும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடினால் எப்படி ஜெயிக்க முடியும்? மதியச் சாப்பாடு லூயி வீட்டில், மீன் குழம்பு. எனக்கு இறங்கவில்லை. பந்தயத்தில் தோற்றுவிட்டோம், இனி அந்தக் கையைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு இல்லை என்பதே நினைப்பாக இருந்தது.

மாலை ஐந்தரைக்குத் திருவண்ணாமலை வண்டி. கோரிமேட்டுச் சரிவில் ஏறும்போது இவர் சொன்னார்.

"கலா, ஒண்ணு சொல்லணும். ரெண்டுன்னு மின்னுனத நான் பாத்துட்டேன்."

"எப்போ?"

"மூணு பந்து வந்துச்சில்ல, அப்பவே."

கூட்டத்தில் இருக்கிறோம் என்பதையும் மறந்து சத்தம் போட்டேன். "அப்பவே கையெடுத்துட்டு லூயி சாரக் கூப்பிட்டிருந்தா, தெரியாம நடந்ததுன்னு பேசிப் பாத்திருக்கலாமில்ல! தோத்தா ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னுதான பேசாம இருந்தீங்க?"

முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் நெனப்பே வரல" என்றார் கிளியனூர் வந்ததும். "எனக்குக் கை போச்சுங்கறதே அந்த அஞ்சு நிமிசம் மறந்துபோச்சு. ஒன்கிட்ட சொல்லியிருந்தா நீ பொத்தான்லேருந்து கையை எடுத்திருப்ப."

எடுத்திருப்பேன். அந்த நொடியே எடுத்திருப்பேன்.

திண்டிவனத்தில் வண்டி பத்து நிமிடம் நின்றது. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "நான் பேச்சு மாற மாட்டேன். தோத்துட்டோம். இனிமே கூப்பிட மாட்டேன்."

"நீ கூப்பிடாத" என்றார். டீயை ஊதிக் குடித்தார். "திங்கக்கெழம எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?"

ஒன்பது மணிக்கு என்றேன். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வாக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று, "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"அங்க ஜோடியா ஆட விட மாட்டாங்க" என்றார்.

"வெளிய பெஞ்சுல உக்கார விடுவாங்க" என்றேன்.